வாய் பேசத் தெரியாத வியாபாரி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் முன்னோர் சொல். மற்றவர்களைவிட வியாபாரிகளுக்கே அது அதிகம் பொருந்தும் என்று நாமெல்லாம் நம்பி வந்திருக்கிறோம். கடை முன்னால் போகிறவரைக் கூப்பிட வேண்டும். உட்காரச் சொல்ல வேண்டும். சரக்கை எடுத்து விரித்துப் புகழ வேண்டும். ஒரு விலை சொல்லிப் பிறகு கொஞ்சம் இறங்கி வர வேண்டும். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. இப்படித்தான் பெரியவர்கள் நமக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். அதில் குற்றமில்லை. அந்த வாயை வைத்தே பலர் இந்த நாட்டில் ஒட்டுக்கடையிலிருந்து சொந்தக் கடைக்கு உயர்ந்தார்கள்.

ஆனால் வாயே இல்லாத ஒருவர் உலகம் அறிந்த கடைக்காரர் ஆனார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் பிராங்க் வின்பீல்ட் வூல்வொர்த். அமெரிக்காக்காரர். காலமாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் நம் ஊரார் அல்ல, நம் மார்க்கத்தவரும் அல்ல. என்றாலும் கடை வைத்திருக்கும் எவரும் அவர் சரித்திரத்தை ஒரு தடவை தெரிந்துகொள்வது நல்லது. இதை நான் எழுதத் தூண்டியது என் கடையில் நடந்த ஒரு சங்கதி. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் கதையைக் கேளுங்கள்.

உருளைக்கிழங்குத் தோட்டத்துப் பையன்

வூல்வொர்த் 1852-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி நியூயார்க் மாநிலத்திலுள்ள ராட்மன் என்னும் கிராமத்தில் பிறந்தார். நியூயார்க் என்றவுடன் பெரிய பட்டணத்தை நினைக்க வேண்டாம். இது அதே மாநிலத்தின் வடகோடியில், கனடா நாட்டு எல்லைக்கு அருகில், குளிர் கடுமையாக அடிக்கும் விவசாயப் பகுதி. தகப்பனார் குடியானவர். பிராங்குக்கு ஏழு வயதானபோது குடும்பம் கிரேட் பெண்ட் என்ற ஊருக்கு அருகில் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. பால் கறப்பதும் உருளைக்கிழங்கு தோண்டுவதும் அவருக்கும் தம்பி சார்லஸுக்கும் அன்றாட வேலை. காலுக்குச் செருப்பில்லாமல் திரிந்த காலமும் உண்டு.

இரண்டு பேருக்கும் பண்ணை வேலையில் மனம் ஒட்டவில்லை. வீட்டு மேசையில் கிடைத்த சாமான்களைப் பரப்பி வைத்துக் கடை நடத்தி விளையாடுவார்கள். பிராங்குக்குக் கடையில் வேலை பார்க்க வேண்டும் என்பதே ஆசை. கிராமத்துப் பள்ளிப் படிப்பு முடிந்தபின் கொஞ்ச காலம் கணக்கெழுதும் படிப்புப் படித்தார். அனுபவமில்லாத பட்டிக்காட்டுப் பையனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பழகிக்கொள்வதற்காக ஊரிலிருந்த ஒரு சிறு கடையில் சம்பளமில்லாமல் நின்றார்.

சம்பளமில்லாத மூன்று மாதம்

1873-ம் வருஷம், 21 வயது ஆகப்போகும் சமயத்தில், வாட்டர்டவுன் என்ற பக்கத்துப் பட்டணத்தில் ஆக்ஸ்பரி அண்டு மூர் என்ற ஜவுளிக் கடையில் போய்க் கேட்டார். முதல் மூன்று மாதம் சம்பளம் கிடையாது என்ற பேச்சின்மேல் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாளே ஓர் அவமானம். கழுத்துப்பட்டை இல்லாத முரட்டுக் கம்பளிச் சட்டையோடு வந்து நின்றதைக் கண்டு, உங்கள் ஊரில் கழுத்துப்பட்டை அணிவதில்லையா என்று முதலாளி கேட்டுவிட்டார்.

அந்தக் காலத்துக் கடை எப்படி இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். சரக்கெல்லாம் கடைக்காரருக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும். வந்தவர் தமக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். சிப்பந்தி எடுத்துக் காட்டுவார். பெரும்பாலான கடைகளில் சாமானின்மேல் விலை இருக்காது. இருந்தாலும் கடைக்காரருக்கு மட்டும் விளங்கும் இரகசியக் குறியாக இருக்கும். நம் ஜவுளிக்கடைப் பெரியவர்களும் இப்படிக் குறி போட்டு வைத்தது பலருக்கு நினைவிருக்கும். ஆள் பார்த்து விலை சொல்வார்கள். பேரம் நடக்கும். அதனால் பேசத் தெரிந்தவரே நல்ல சிப்பந்தி.

வூல்வொர்த்துக்கு அது வரவில்லை. வாடிக்கைக்காரர் எதிரில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்ன விலை சொல்வது என்று தடுமாறுவார். பொட்டலம் கட்டவும் சரியாக வராது. ஆனால் ஒரு காரியம் அவர் கைக்குப் படிந்து வந்தது. கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் சரக்கை அடுக்கி வைக்கும் வேலையை ஒருநாள் அவரிடம் ஒப்படைத்தார்கள். சாதாரணத் துணிகளையே சிவப்புத் துணியோடு சேர்த்துக் கண்ணைப் பறிக்கும்படி அடுக்கிவிட்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பையன் வாயால் விற்கமாட்டான், கையால் விற்பான் என்பது முதலாளிக்குப் புரிந்தது.

பிறகு அதிகச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு வேறொரு கடைக்குப் போனார். அங்கே வாரம் 10 டாலர். ஆனால் அந்த முதலாளிக்கு அடுக்குகிறவர் தேவைப்படவில்லை, பேசி விற்கிறவரே தேவைப்பட்டார். சம்பளத்தை 8 டாலராகக் குறைத்துவிட்டார். மனம் உடைந்து, உடம்பும் கெட்டு, வீடு திரும்பிப் பல மாதம் படுத்துக் கிடந்தார். 1876-ல் ஜென்னி என்ற தையல் வேலை செய்யும் பெண்ணைக் கலியாணம் செய்திருந்தார். பிழைக்க வழி தெரியாமல் நின்ற நேரத்தில் பழைய முதலாளி மூர்தான் மறுபடியும் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

ஒரு மேசையும் ஒரு சீட்டும்

1878-ல் மூரின் கடையில் சரக்குத் தேங்கிக் கிடந்தது. கையில் ரொக்கம் இல்லை. வேறு ஊர்களில் சில்லறைச் சாமான்களை ஒரே மேசையில் குவித்து, எதை எடுத்தாலும் ஐந்து சென்ட் என்று விற்கிறார்கள் என்ற செய்தி வந்தது. மூர் அதைச் செய்து பார்க்கச் சொன்னார். வூல்வொர்த் ஒரு நீள மேசையைப் போட்டு, தேங்கிக் கிடந்த துண்டு துக்காணிச் சாமான்களோடு புதிதாக வாங்கிய சில மலிவுச் சரக்கையும் கலந்து பரப்பினார். எதை எடுத்தாலும் ஐந்து சென்ட் என்று ஒரு சீட்டு எழுதி மேலே வைத்தார். அவ்வளவுதான். கூப்பிடவில்லை, புகழவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் மேசை காலியாகிவிட்டது.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். மலிவாய் விற்றால் யார்தான் வாங்கமாட்டார்கள்? ஆனால் மலிவு மட்டும் காரணம் அல்ல என்பது என் எண்ணம். ஒரு ஏழைப் பெண்பிள்ளை கடைக்குள் வந்தால், விலை கேட்க வேண்டும். கேட்டபின் கையில் காசு போதாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போக வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்தே பலர் உள்ளே நுழைவதில்லை. மேசைமேல் வைத்த சீட்டு அந்த வெட்கத்தை எடுத்துவிட்டது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. தொட்டுப் பார்க்கலாம். திருப்பி வைக்கலாம். வாங்காமலும் போகலாம். கழுத்துப்பட்டை இல்லாமல் வந்து நின்று ஒருநாள் வெட்கப்பட்டவருக்கு, இன்னொருவரின் வெட்கம் எப்படிப்பட்டது என்பது தெரிந்திருக்கும்.

மூடிய கடையும் திறந்த கடையும்

இதையே தனிக் கடையாக வைத்தால் என்ன என்று வூல்வொர்த்துக்குத் தோன்றியது. மூர் அவரை நம்பிச் சுமார் 300 டாலர் சரக்கைக் கடனாகக் கொடுத்தார். 1879-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி யூட்டிகா என்ற பட்டணத்தில் ஐந்து சென்ட் கடை திறந்தது. முதலில் ஓரளவு கூட்டம் வந்தது. போகப் போகக் குறைந்தது. கடை இருந்த தெரு சரியில்லை. ஜனங்கள் அந்தப் பக்கம் போவதே குறைவு. சில மாதத்தில் கடையை மூடினார். மூடுவதற்கு முன் மூருக்குக் கொடுக்க வேண்டிய கடனில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார். இதைக் கவனிக்க வேண்டும். கடை மூடினாலும் பேர் மூடவில்லை.

மற்றவராயிருந்தால் முறையே தவறு என்று விட்டிருப்பார். அவர் முறையையும் இடத்தையும் பிரித்துப் பார்த்தார். பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊர் இருக்கிறது, அங்குள்ளவர்கள் சிக்கனமான குடியானவர்கள் என்று கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்த்தார். கடைத்தெருவில் ஜனங்கள் நடமாட்டத்தைக் கண்டு திருப்திப்பட்டார். அதே வருஷம் ஜூன் 21-ந் தேதி அங்கே கடை திறந்தார். முதல் நாளிலேயே மூன்றில் ஒரு பங்குச் சரக்குக்குக் கொஞ்சம் குறைவாக விற்றுவிட்டது. அவருடைய நல்ல காலம் அன்று தொடங்கியது.

அதன்பின் எல்லாம் ஏறுமுகம் என்று எண்ண வேண்டாம். அடுத்து வேறு பட்டணங்களில் திறந்த சில கடைகளும் மூடத்தான் செய்தன. ஐந்து சென்டுக்குள் நல்ல சரக்கு போதிய வகை கிடைக்காததால் பத்து சென்ட் சாமான்களையும் சேர்த்தார். அதற்குமேல் அவர் காலத்தில் அமெரிக்கக் கடைகளில் விலை ஏறவில்லை.

அவர் செய்த சில காரியங்கள்

அவருடைய வழிகளில் நமக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சரக்கை இடைத்தரகரிடம் வாங்காமல் செய்கிறவரிடமே ரொக்கம் கொடுத்து மொத்தமாக வாங்கினார். மலிவாய் விற்பதற்கு அதுதான் அஸ்திவாரம். விற்பனை விலையில் லாபம் சிறிது. ஆனால் சரக்கு அலமாரியில் தங்காமல் ஓடியது. ஒரு சாமானில் பெரிய லாபம் வைத்து ஆறு மாதம் காத்திருப்பதைவிட இது மேல் என்று கண்டார்.

தமக்குப் பிடிக்காத சரக்கானாலும் ஜனங்களுக்குப் பிடிக்குமா என்று சோதித்துப் பார்த்தார். 1880-ல் பிலடெல்பியாவில் ஒரு இறக்குமதி வியாபாரி, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மரத்தில் தொங்கவிடும் ஜெர்மன் கண்ணாடி உருண்டைகளைக் காட்டினார். எளிதில் உடையும், ஒன்றுக்கும் உதவாது, இதை யார் வாங்குவார் என்று வூல்வொர்த் தயங்கினார். வற்புறுத்தலின்மேல் 25 டாலருக்கு மட்டும் எடுத்துப் போனார். இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. பிற்காலத்தில் அந்தச் சரக்குக்காகவே ஜெர்மனிக்குப் பிரயாணம் செய்தார். தம் ருசி வேறு, வாடிக்கைக்காரர் ருசி வேறு என்ற பாடத்தை 25 டாலர் செலவில் கற்றுக்கொண்டார்.

கடை முகப்புக்குச் சிவப்பு வர்ணமும் பொன்னிற எழுத்தும் வைத்தார். எந்த ஊரில் கண்டாலும் வூல்வொர்த் கடை என்று தூரத்திலேயே தெரியும். கண்ணாடி அலமாரி எப்படி இருக்க வேண்டும், தரை எப்படித் துப்புரவாக இருக்க வேண்டும் என்று கடை மானேஜர்களுக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். பத்திரிகை விளம்பரத்தைவிட வாசல் கண்ணாடியையே பெரிய விளம்பரமாக மதித்தார்.

புதுக் கடைகளுக்கு முதல் போதாதபோது கூட்டுச் சேர்த்தார். நம்பிக்கையான ஆள் கடையை நடத்துவார், லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். தம்பி, ஒன்றுவிட்ட சகோதரர், கூட வேலை பார்த்த சிநேகிதர் எனப் பலர் இப்படி முன்னுக்கு வந்தார்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்து கூட்டுக்கடை வைத்ததும் இதே வழியில்தானே? ஒரு சமயம் அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டுக் கிடந்தார். எழுந்து வந்து பார்த்தால் கடைகள் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன. எல்லாம் தம் கையாலேயே நடக்க வேண்டும் என்ற எண்ணத்தை அன்றோடு விட்டார்.

1909-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் பட்டணத்தில் கடை திறந்தார். 1912-ல் உறவினர், சிநேகிதர் ஆகியோரின் கடைகளும் ஒன்றாகச் சேர்ந்து 596 கடைகள் கொண்ட ஒரே கம்பெனி ஆயிற்று. சேர்ந்தவர்களில் பழைய முதலாளி மூரும் ஒருவர். கடன் கொடுத்தவரைக் கடைசிவரை மறக்கவில்லை என்பது இதனால் விளங்கும். அடுத்த வருஷம் நியூயார்க் பட்டணத்தில் 792 அடி உயரமான கட்டடம் ஒன்றை எழுப்பினார். செலவு சுமார் 135 இலட்சம் டாலர். அத்தனையும் ரொக்கம். 1930 வரை உலகத்திலேயே உயர்ந்த கட்டடம் அதுதான். எல்லாம் ஐந்து சென்டும் பத்து சென்டுமாகச் சேர்ந்த காசு.

குறையையும் சொல்ல வேண்டும்

புகழ்ந்துவிட்டுக் குறையை மறைப்பது நேர்மையல்ல. வாங்க வருகிறவரின் வெட்கத்தைப் புரிந்துகொண்டவர், தம்மிடம் வேலை செய்த பெண்களின் வயிற்றை அவ்வளவாகப் புரிந்துகொள்ளவில்லை. மலிவுச் சரக்கு விற்க வேண்டுமானால் மலிவான கூலிக்கே ஆள் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னாளில் கிறிஸ்துமஸ் போனஸ் கொடுத்தார். என்றாலும் கூலி குறைவு என்ற குறை நீங்கவில்லை. சம்பளமில்லாமல் மூன்று மாதம் நின்றவருக்கு அது நினைவிருந்திருக்க வேண்டாமா?

1919-ம் வருஷம் ஏப்ரல் 8-ந் தேதி, 67 வயது நிறைவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, வூல்வொர்த் காலமானார். புதிதாக எழுதி வைத்திருந்த உயிலில் கையெழுத்துப் போடவில்லை. 1889-ல் எழுதிய பழைய உயிலே செல்லுபடியாயிற்று. அதன்படி எல்லாம் மனைவிக்குப் போயிற்று. அந்த அம்மாளோ அப்போது சித்த சுவாதீனம் இல்லாதிருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளைக் கணக்காக வைத்தவர், ஒரு கையெழுத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். வஸிய்யத்தை நாளை நாளை என்று தள்ளுகிற நம்மவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அவர் மறைந்து நாற்பது வருஷத்துக்குப் பின் நடந்த ஒரு காரியமும் இக்கதையோடு சேர்ந்தது. 1960-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி, வடகரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோ ஊர் வூல்வொர்த் கடையில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர் சாமான் வாங்கிவிட்டு, அதே கடையிலிருந்த சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே வெள்ளைக்காரருக்கு மட்டுமே பரிமாறுவது வழக்கம். இவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். போராட்டம் ஊர் ஊராகப் பரவிற்று. கடைக்கு வியாபாரம் விழுந்தது. ஜூலை 25-ந் தேதி அந்த மேசையில் எல்லோருக்கும் பரிமாறினார்கள். எவரும் வெட்கமின்றி நுழையலாம் என்பதே ஒரு காலத்தில் அந்தக் கடையின் பலம். கல்லாவில் காசை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் கொடுக்காதபோது அந்தப் பலம் போயிற்று.

1997-ல் அமெரிக்காவிலிருந்த அந்தச் சில்லறைக் கடைகள் மூடப்பட்டன. இங்கிலாந்தில் 2009 ஜனவரியில் கடைசிக் கடையும் மூடிற்று. காலம் மாறும்போது கடையும் மாற வேண்டும். மாறாவிட்டால் ஆயிரம் கடையானாலும் நிற்காது.

என் கடைச் சங்கதி

இனி நான் சொல்வதாகச் சொன்னது. என் கடை சிறியது. கைலி, தொப்பி, தொழுகை விரிப்பு, பெண்களுக்கான முக்காட்டுத் துணி, சில்லறைச் சாமான்கள். நான் வாயுள்ளவன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஒருநாள் வயதான ஓர் அம்மா வந்தார். ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். நான் விடவில்லை. அதைவிட உயர்ந்ததை எடுத்து விரித்தேன். அதற்குமேல் உயர்ந்ததையும் விரித்தேன். அவர் ஒன்றும் பேசாமல், பிறகு வருகிறேன் தம்பி என்பதுபோல் தலையசைத்துப் போய்விட்டார். வரவில்லை. சில நாள் கழித்து அதே போன்ற விரிப்பைப் பெரிய அங்காடியொன்றின் பையில் வைத்துக்கொண்டு போவதைக் கண்டேன். சலாம் சொல்லி விசாரித்தேன். அங்கே விலை எழுதியிருக்கிறது, யாரும் கேட்பதில்லை, கையில் இருந்த பணத்துக்குத் தக்கதாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன் என்றார். என் கடையில் அதே விரிப்பு இரண்டு வெள்ளி குறைவு. அது அவருக்குத் தெரியாது. தெரிவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் ஒவ்வொரு சாமானிலும் விலைச்சீட்டு ஒட்டத் தொடங்கினேன். வாசலில் ஒரு சிறு மேசை போட்டு, எதை எடுத்தாலும் மூன்று வெள்ளி என்று எழுதி வைத்தேன். வந்தவருக்கு சலாம் சொல்லிவிட்டு, கூப்பிட்டால் போகலாம் என்று என் இடத்திலேயே இருக்கப் பழகுகிறேன். உண்மையைச் சொன்னால் இது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நாக்கு துடிக்கிறது. வியாபாரம் ஓகோ என்று ஏறிவிடவில்லை. ஆனால் முன்பு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்களில் சிலர் இப்போது உள்ளே வருகிறார்கள். பேரம் பேசியே பழகியவர்கள் மட்டும், என்ன இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களோடு இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறேன். விலை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வியாபாரச் சகோதரர்களே, பெரிய அங்காடிகளோடு விலையில் போட்டியிட நம்மால் எப்போதும் முடியாது. ஆனால் ஒரு ஏழை தன் மரியாதை குறையாமல் நுழைந்து, பார்த்து, வாங்கியோ வாங்காமலோ தலைநிமிர்ந்து போகக்கூடிய கடையை நம்மால் வைக்க முடியும். அதற்கு முதல் பெரிதாக வேண்டாம். நாமும் ஒரு நாள் யாரோ ஒருவர் கடை வாசலில் கையிலிருந்த காசை எண்ணிக்கொண்டு நின்றவர்கள்தாம் என்ற நினைவு போதும். இன்று கடையைப் பூட்டுவதற்கு முன், ஒரு தடவை வெளியே போய் நின்று, வாங்க வருகிறவரின் கண்ணால் உங்கள் கடையைப் பாருங்கள்.